கடவுச்சொல்: மெர்க்குரி

2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் படித்த யாரிடமாவது "மெர்க்குரி" என்று சொல்லிப் பாருங்கள். அது ஒரு பாஸ்வேர்ட் என்று யோசிக்காமல் சொல்வார்கள். வின்ரன்னர், க்யூடிபி என்ற இரண்டு டெஸ்டிங் கருவிகளோடும் விமான டிக்கெட் பதியும் மாதிரி மென்பொருள் ஒன்று வரும். ஏஜென்ட் பெயர் என்ற இடத்தில் நான்கு எழுத்துக்குக் குறையாமல் எதை வேண்டுமானாலும் அடிக்கலாம். பாஸ்வேர்ட் மட்டும் மெர்க்குரி. கருவிகளைச் செய்த மெர்க்குரி இன்டராக்டிவ் நிறுவனத்தின் பெயர். வின்ரன்னரோடு வந்த மாதிரியில் ஃபிளைட் 4ஏ, ஃபிளைட் 4பி என்று இரண்டு பதிப்புகள் இருந்தன. 4ஏ ஒழுங்காக ஓடும். 4பிக்குள் வேண்டுமென்றே பிழைகளைப் புதைத்து வைத்திருந்தார்கள். தி.நகரிலும் வேளச்சேரியிலும் தாம்பரத்திலும் கடைகளுக்கு மேல் மாடியில் இயங்கிய பயிற்சி மையங்களில், ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேராக உட்கார்ந்து, அந்த 4பியின் பிழைகளைத் தேடித்தான் பலர் இந்தத் தொழிலுக்கு வந்தார்கள்.

இன்று இதே வேலைக்கு வர நினைக்கும் பெண் தன் பழைய லேப்டாப்பில் ஸ்வாக் லேப்ஸ் என்ற கடையைத் திறக்கிறாள். அங்கே எதையும் உண்மையில் வாங்க முடியாது. சாஸ் லேப்ஸ் நிறுவனம் பழகுவோருக்காகவே இணையத்தில் திறந்து வைத்திருக்கும் கடை அது. 'ஸ்டாண்டர்ட் யூசர்' என்று நுழைந்தால் எல்லாம் சரியாக நடக்கும். 'பிராப்ளம் யூசர்' என்று நுழைந்தால் எல்லாப் பொருளுக்கும் ஒரே தப்பான படம் வரும். பணம் கட்டும் பக்கத்தில் கடைசிப் பெயரை அடித்தால் அது தன் கட்டத்தில் ஏறாது. பாஸ்வேர்டும் நுழைவுப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. கட்டணம் இல்லை, லைசென்ஸ் இல்லை, யார் அனுமதியும் தேவையில்லை.

4பியும் பிராப்ளம் யூசரும் ஒரே நோக்கத்தில் பிறந்தவை. ஆனால் அந்த இரண்டுக்கும் நடுவில், முன் அனுபவம் இல்லாத ஒருவர் இந்த வேலைக்குள் வரும் வழி தலைகீழாகிவிட்டது. அன்று கற்பது கடினம், உள்ளே போய்விட்டால் கற்றுக்கொடுத்தார்கள். இன்று கற்பது எளிது, கற்றதைக் கண்முன் காட்டாதவரை உள்ளே விடுவதில்லை.

அன்றைய நிலையை முதலில் பார்ப்போம். 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. அதன்பின் பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. வெளிநாட்டு வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் தங்கள் மென்பொருளை இங்கே அனுப்பிச் சோதிக்கச் சொன்னபோது, அந்த வேலைக்கு நிறையக் கைகள் தேவைப்பட்டன. டெஸ்ட் கேஸ் எல்லாம் எக்ஸெல் தாளில் இருக்கும்: என்ன செய்ய வேண்டும், என்ன வர வேண்டும், என்ன வந்தது, பாஸா ஃபெயிலா. ஒரு காப்பீட்டு மென்பொருளுக்கு இப்படி ஆயிரக்கணக்கான வரிகள். புது பில்ட், அதாவது திருத்திய மென்பொருள், வந்ததும் அத்தனையையும் மறுபடி முதலிலிருந்து கையால் ஓட்ட வேண்டும். அதுதான் ரிக்ரஷன். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6இல் ஒருமுறை, 7இல் ஒருமுறை, ஃபயர்ஃபாக்ஸில் ஒருமுறை. ரிலீஸ் நாளில் இரவு முழுக்க உட்கார்ந்து ஓட்டிவிட்டு, விடிகாலை கேபில் வீடு திரும்பியவர்கள் ஆயிரம் ஆயிரம்.

அலுப்பூட்டும் வேலைதான். ஆனால் அதைத்தான் புதியவரிடம் கொடுத்தார்கள், அதற்குள்தான் கல்வி இருந்தது. ஒரே பாலிசி படிவத்தை நூறு முறை நிரப்பியவருக்கு, பிரீமியம் எப்படிக் கணக்கிடப்படுகிறது, நாமினி மைனராக இருந்தால் என்ன ஆகும், லீப் ஆண்டு பிப்ரவரி 29இல் பிறந்தவரின் வயது எந்த நாளில் கூடுகிறது என்பதெல்லாம் யாரும் பாடம் எடுக்காமலே தெரிந்துவிடும். பக்கத்து இருக்கையில் ஒரு சீனியர் இருப்பார். எழுதிய முதல் பக் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, "டெவலப்பர் இதைப் பார்த்து என்னம்மா செய்வார்? எந்த பில்ட்? எந்த பிரௌசர்? மறுபடி செய்தால் வருதா?" என்று திருப்பித் தருவார். மூன்று ரிலீஸ் முடிவதற்குள் புதியவர் தேறிவிடுவார். நிறுவனம் பெரிய மனதோடு செய்தது இல்லை இது. வேலையின் அமைப்பே அப்படி இருந்தது. ஆனாலும் பலன் பலன்தான். தமிழ் வழியில் படித்து, வீட்டில் முதல் பட்டதாரியாக வந்து, ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் எழுத நடுங்கிய பிள்ளைகள் அமெரிக்க வாடிக்கையாளரோடு தொலைபேசியில் வாதாடும் அளவுக்கு வளர்ந்தது இந்த மேசைகளில்தான்.

அந்த மேசையை எட்டுவதுதான் சிரமம். கேம்பஸில் எடுபடாதவருக்கு இருந்த வழிகள் குறைவு. புதன்கிழமை தி இந்து நாளிதழோடு வரும் வேலைவாய்ப்பு இணைப்பு, நௌக்ரி தளம், உள்ளே இருக்கும் சொந்தக்காரர் அல்லது சீனியர் அனுப்பும் ரெஃபரல், சனிக்கிழமை வாக்-இன். திருவல்லிக்கேணி மேன்ஷனிலிருந்து மதிப்பெண் சான்றிதழ் ஃபைலோடு கிளம்பிய இளைஞர் நண்பகல் வரை வரிசையில் நிற்பார். உள்ளே கேட்கும் முதல் கேள்வி: "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" வேலை கிடைத்தால்தான் அனுபவம், அனுபவம் இருந்தால்தான் வேலை.

இந்த முடிச்சைச் சுற்றி ஒரு கெட்ட வியாபாரமும் வளர்ந்தது. பணம் கொடுத்தால் இரண்டு, மூன்று ஆண்டு அனுபவத்தை "ஏற்பாடு செய்து" தரும் கன்சல்டன்சிகள் வந்தன. சான்றிதழ், சம்பளச் சீட்டு, விசாரித்தால் ஆமாம் என்று சொல்ல ஒரு தொலைபேசி எண், எல்லாம் கிடைத்தது. அன்று அதைக் கண்டுபிடிப்பது கடினம். 2014இல் தொழிலாளர் வருங்கால வைப்புநிதிக்கு யுஏஎன் என்ற ஒற்றை எண் வந்தது. ஒருவர் எந்த நிறுவனத்தில் எந்த மாதம் சேர்ந்தார், எப்போது விலகினார், எவ்வளவு பிடித்தம் ஆனது என்பதெல்லாம் அந்த எண்ணின் கீழ் வரிசையாக நிற்கிறது. ஊர் பேர் தெரியாத நிறுவனத்தின் சான்றிதழை நீட்டினால், பின்னணிச் சரிபார்ப்பில் பிஎஃப் பாஸ்புக் கேட்கிறார்கள். பொய் அனுபவத்தோடு உள்ளே போனவர் பல மாதம் கழித்துப் பிடிபட்டு, அன்றே அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வெளியேறுவதும் நடக்கிறது. ஆனாலும் அந்தக் கடைகள் முழுக்க மூடப்படவில்லை. வேலைக்காகப் பணம் கேட்கும் யாரும் வேலை தருபவர் அல்ல. இதை வெளியூரிலிருந்து வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் யாராவது முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அடுத்த தடை கருவி. வின்ரன்னரும் க்யூடிபியும் பெரிய நிறுவனங்கள் மட்டுமே வாங்கக்கூடிய விலையில் இருந்தன. தனி ஆளுக்குக் கிடைத்தது சில நாள் மட்டும் ஓடும் சோதனைப் பதிப்பு. அதனால்தான் பயிற்சி மையங்களுக்கு அவ்வளவு மவுசு: அவர்கள் விற்றது பாடத்தைவிட, கருவியின் முன்னால் உட்காரும் நேரத்தை. மெர்க்குரி நிறுவனத்தை 2006இல் சுமார் 450 கோடி டாலருக்கு ஹெச்பி வாங்கியது. வின்ரன்னர் கொஞ்ச காலத்தில் ஓய்ந்தது; அதன் டிஎஸ்எல் மொழியை மெனக்கெட்டுக் கற்றவர்கள் க்யூடிபியின் விபி ஸ்கிரிப்ட்டுக்கு மாறினார்கள். க்யூடிபியும் பெயர் மாறி, கைமாறி, இன்று ஓபன்டெக்ஸ்ட் நிறுவனத்திடம் இருக்கிறது.

அந்த விலைப் பூட்டை உடைத்தது சிகாகோவில் நடந்த ஒரு சின்ன வேலை. 2004இல் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் இருந்த ஜேசன் ஹகின்ஸ், ஊழியர்களின் நேரக்கணக்கும் செலவுக்கணக்கும் பதியும் உள் மென்பொருளைச் சோதிக்க ஒரு கருவி எழுதினார். அதுதான் செலினியம். திறந்த மூலமாக வந்தது, இலவசம். பயிற்சி மையங்களின் விளம்பரப் பலகைகளில் சில ஆண்டுகளில் பெயர்கள் மாறின. செலினியத்தின் வெப்டிரைவர் முறையை 2018இல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பே பொதுத் தரமாக ஏற்றது. 2020இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பிளேரைட் என்ற கருவியும் இலவசம்தான். பெங்களூரில் பிறந்த போஸ்ட்மேன், மென்பொருள்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஏபிஐயைச் சோதித்துப் பழகக் கைகொடுக்கிறது. செலினியம் எழுதிய அதே ஹகின்ஸ் 2008இல் கூட்டாளிகளோடு தொடங்கியதுதான், பிராப்ளம் யூசரை நமக்குத் தந்திருக்கும் சாஸ் லேப்ஸ். பெரம்பலூரில் இருக்கும் மாணவியும் பாஸ்டனில் இருக்கும் மாணவனும் இன்று ஒரே கருவியில், ஒரே நாளில் பழகத் தொடங்கலாம். இந்தத் தொழிலில் நடந்த மாற்றங்களில் முழு மனதோடு கொண்டாடத் தக்கது இது.

இதே இலவசக் கருவிகள்தான் புதியவர் நின்ற படியையும் எடுத்துவிட்டன. கையால் ஓட்டிய ரிக்ரஷனை இரவோடு இரவாக இயந்திரம் ஓட்டி முடிக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு ரிலீஸ் என்பது இரண்டு வாரத்துக்கு ஒன்றாகி, சில இடங்களில் ஒரே நாளில் பல முறை என்றாகிவிட்டது. எக்ஸெல் தாளைக் கொடுத்து "இதை ஓட்டு" என்று சொல்ல நேரமும் இல்லை, அந்தத் தாளும் இல்லை. 2014இல் மைக்ரோசாஃப்ட்டிலேயே டெவலப்பர் வேறு, டெஸ்டர் வேறு என்ற பிரிவு கரையத் தொடங்கியது; எழுதியவரே சோதிக்க வேண்டும் என்ற போக்கு மற்ற இடங்களுக்கும் பரவியது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின், ஒரு தேவை ஆவணத்தைக் கொடுத்தால் ஐம்பது டெஸ்ட் கேஸை அது கண்ணிமைக்கும் நேரத்தில் எழுதித் தருகிறது. ஆறு மாதம் டெஸ்ட் கேஸ் எழுதிப் பழகு என்று புதியவரிடம் இனி யாரும் சொல்லப்போவதில்லை.

ஆகவே "ஃபிரெஷர்" என்று தலைப்பிட்ட விளம்பரத்திலேயே ஜாவா, செலினியம், எஸ்க்யூஎல், ஏபிஐ, கிட் என்று பட்டியல் நீள்கிறது. சம்பளமோ நகரவில்லை. பெரிய சேவை நிறுவனங்களில் தொடக்கச் சம்பளம் 2010ஐ ஒட்டி ஆண்டுக்கு 3 லட்சத்தைச் சுற்றி இருந்தது. இன்றும் பெரும்பாலோருக்கு அது 4 லட்சத்தைத் தாண்டுவதில்லை. வேளச்சேரியில் அறை வாடகை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று யோசித்தால் இதன் வலி புரியும். அதே சம்பளத்துக்கு, அன்று நிறுவனம் தன் செலவில் கற்றுக்கொடுத்த அத்தனையையும் இன்று பிள்ளை தன் செலவில் கற்றுக்கொண்டு வர வேண்டியிருக்கிறது.

சான்றிதழ்களின் கதையும் இதனோடு சேர்ந்தது. 2002இல் தோன்றிய ஐஎஸ்டிக்யூபி அமைப்பின் அடிப்படைத் தேர்வுக்கு 40 கேள்விகள். 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. முன் அனுபவம் கேட்பதில்லை. ஒருகாலத்தில் ரெஸ்யூமேயில் அந்த ஒரு வரி பலரை நேர்முகத் தேர்வு வரை கொண்டுபோனது. இன்று அது தொழிலின் சொற்களை ஒழுங்காகக் கற்க உதவும், அவ்வளவுதான். முடிந்தால் எழுதலாம். கடன் வாங்கி எழுத வேண்டாம்.

நேர்முகத் தேர்வின் கேள்விகளில் மாற்றம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அன்று மேசையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டி, "இதை எப்படி டெஸ்ட் பண்ணுவீங்க?" என்பார்கள். லிஃப்டை வைத்துக் கேட்பதும் உண்டு. கொஞ்சம் படித்தவர்கள் முக்கோணக் கணக்கைக் கேட்பார்கள். கிளென்ஃபோர்ட் மையர்ஸ் 1979இல் வெளியிட்ட டெஸ்டிங் பற்றிய நூலின் தொடக்கத்தில் வருவது அது: மூன்று எண்களைப் பக்கங்களாக வாங்கி, எந்த வகை முக்கோணம் என்று சொல்லும் நிரலைச் சோதிக்க என்னென்ன எண்களைக் கொடுப்பீர்கள்? கவனிக்க வேண்டியவை என்று 14ஐ மையர்ஸ் வரிசைப்படுத்தினார். தேர்ந்த நிரலாளர்களே சராசரியாக 7.8தான் எடுத்தார்கள் என்றும் எழுதினார். 1, 2, 3 என்று கொடுத்தால் முக்கோணமே உருவாகாது என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. "கோடிங் வரலைன்னா டெஸ்டிங் போ" என்று கல்லூரிகளில் சொல்லிச் சொல்லி அனுப்பினார்களே, அது எவ்வளவு தவறான அறிவுரை என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும். டெஸ்டிங் மிச்சம் மீதி வேலையாக ஒருநாளும் இருந்ததில்லை.

இன்று பேனாவின் இடத்தில் யுபிஐ வந்திருக்கிறது. "டீக்கடையில் க்யூஆர் ஸ்கேன் பண்ணி 15 ரூபாய் அனுப்புறீங்க. இதை டெஸ்ட் பண்ணுங்க." நேர்முகத் தேர்வில் கேள்வி கேட்கும் பக்கம் உட்கார்ந்திருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், ஒருவருக்குக் கண் இருக்கிறதா என்று அறிய இதைவிட நல்ல கேள்வி எனக்குக் கிடைக்கவில்லை. பாடம் படித்துவிட்டு வந்தவர், சரியான பின் போட்டால் பணம் போகும், தப்பான பின் போட்டால் போகாது என்று தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார். உண்மையில் டீக்கடையில் நின்றவர் வேறு இடத்திலிருந்து வருகிறார். பின் போட்ட நொடியில் சிக்னல் போனால்? என் கணக்கில் பிடித்தாகிவிட்டது, கடைக்காரரின் ஒலிப்பெட்டி பேசவில்லை என்றால் யார் யாரை நம்புவது? திரையில் "செயல்பாட்டில் உள்ளது" என்று நிற்கும்போது பதற்றத்தில் இன்னொரு முறை அனுப்பினால் இரண்டும் போய்ச் சேருமா? திரும்பி வர வேண்டிய பணம் வந்ததை எனக்கு யார் சொல்வார்கள்? இப்படிக் கேட்கத் தெரிந்தவருக்கு முன் அனுபவம் இல்லை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவருடைய ரெஸ்யூமேயில் அது ஏறவில்லை, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளிடம் இப்படிப்பட்ட ரெஸ்யூமேயில் ஏறாத அனுபவம் நிறைய இருக்கிறது. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். கடைசிப் பெயர் கட்டாயம், அதில் குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று அடம்பிடிக்கும் படிவத்தின் முன்னால் வாழ்நாளில் ஒருமுறையாவது திணறாத தமிழர் அரிது. அமெரிக்காவில் வடிவமைத்தவருக்கு அது பிழை என்றே தோன்றாது. தமிழ் எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். "நி" நம் கண்ணுக்கு ஓர் எழுத்து; யூனிகோடில் நகரமும் இகரக் குறியுமாக இரண்டு. பத்து எழுத்துக்குள் பெயர் என்று வரம்பு வைத்தால் எதை எண்ணுவது? ஸ்ரீ என்பதை ஸகரத்தை வைத்தும் அடிக்கலாம், ஶகரத்தை வைத்தும் அடிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒரு வகையில் பதிந்த ஸ்ரீதரை மற்ற வகையில் தேடினால், அப்படி ஒருவர் இல்லை என்று கணினி சொல்லிவிடும். குறுஞ்செய்தியில் ஆங்கிலம் 160 எழுத்து வரை ஒரே செய்தியாகப் போகும், தமிழானால் 70தான். அதற்கு மேல் போனால் உடைந்து இரண்டாகும். வங்கியிலிருந்து தமிழில் வரும் எச்சரிக்கை பாதியில் நின்றதைப் பார்த்தவருக்கு இதன் பொருள் தெரியும்.

இவற்றைக் கவனிப்பது பாதி வேலை. எழுதுவது மறுபாதி. "பெயர் ஏறவில்லை" என்று எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. எந்தப் போன், செயலியின் எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம், கடைசிப் பெயரில் "K" என்ற ஒற்றை எழுத்தை அடித்தேன், தொடரும் பொத்தானை அழுத்தினேன், அடுத்த பக்கம் வர வேண்டும், வராமல் இந்தச் செய்தி வந்தது, மூன்று முறையும் இப்படியே, இதோ ஸ்கிரீன்ஷாட். இப்படி எழுதத் தெரிந்தவருக்கு வேலை தர நான் தயங்கியதில்லை. பழகவும் இடம் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் பக்ஸில்லா 1998இலிருந்து ஊரறியத் திறந்து கிடக்கிறது. கணக்கு தொடங்கி யாரும் பிழையைப் பதியலாம், பழைய பதிவுகளைப் படித்து அனுபவசாலிகள் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்க்கலாம். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் பிழைப் பதிவேடும் அப்படியே. தமிழ் விக்கிப்பீடியாவில் கண்ட குறையை அங்கே ஒழுங்காக எழுதி, அது சரியாகிவிட்டால், அதைவிட உண்மையான அனுபவச் சான்று வேறில்லை. எந்தக் கன்சல்டன்சியும் அதை விற்க முடியாது.

செயற்கை நுண்ணறிவு டெஸ்டர்களை ஒழித்துவிடும் என்று பயந்து பேசுகிறவர்களைத் தினமும் சந்திக்கிறேன். அது எழுதித் தரும் ஐம்பது டெஸ்ட் கேஸில் நாற்பது எல்லாருக்கும் தெரிந்தவை. ஒலிப்பெட்டி பேசாத டீக்கடையும் ஒற்றை எழுத்து இனிஷியலும் அந்த ஐம்பதில் இல்லை என்று கண்டுபிடிக்க ஆள் வேண்டும். நிரலையும் அதுவே எழுதத் தொடங்கியபின், சந்தேகத்தோடு பார்க்கும் கண்ணுக்கு வேலை கூடுமே தவிரக் குறையாது என்றுதான் நினைக்கிறேன். என் கவலை அதில் இல்லை. அந்தக் கண்ணைப் பக்கத்தில் உட்கார்ந்து தீட்டிவிட ஒரு சீனியரும், பழக ஒரு மேசையும் புதியவருக்கு இன்று எங்கே கிடைக்கும் என்பதில்தான்.

சில இடங்களில் கிடைக்கிறது. ஜோஹோ 2005இலிருந்து பள்ளிப் படிப்பும் டிப்ளமோவும் முடித்த பிள்ளைகளை எடுத்து, உதவித்தொகை கொடுத்துத் தன் வளாகத்திலேயே கற்பிக்கிறது. 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கல்லூரிக்குள்ளேயே திறன் பயிற்சியைக் கொண்டுபோயிருக்கிறது. நம் நிறுவனங்கள் அதிகம் எட்டிப் பார்க்காத இன்னொரு வழியும் உண்டு. 1961ஆம் ஆண்டின் அப்ரென்டிஸ் சட்டத்துக்குள் 1973இல் பொறியியல் பட்டதாரிகளும் டிப்ளமோ முடித்தவர்களும் வந்தார்கள். 2014இல் மற்றப் பட்டதாரிகளுக்கும் இடம் கொடுத்தார்கள். ஓராண்டு வேலையிடத்திலேயே பயிற்சி. குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசே நிறுவனத்துக்குத் திருப்பித் தருகிறது. இந்தப் பயிற்சியைத் தென்மாநிலங்களில் கவனிக்கும் வாரியத்தின் அலுவலகம் டைடல் பார்க் இருக்கும் அதே தரமணியில்தான் இருக்கிறது. பத்துப் பேர் கொண்ட ஒரு டெஸ்டிங் டீம் ஆண்டுக்கு ஒருவரை இப்படி எடுத்து, அவர் எழுதும் பக் ரிப்போர்ட்டை ஒரு சீனியர் தினம் அரை மணி நேரம் படித்துத் திருத்திக் கொடுத்தாலே போதும். எக்ஸெல் காலத்தில் மூன்று ரிலீஸில் கற்றதை ஓராண்டில் கற்றுவிடலாம்.